சிவக்காத கண்

வடிவு வேலை பார்த்த கடை தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்பக்கத்துச் சந்தில் இருந்தது. ரவிக்கைத் துணி, ஃபால்ஸ், லைனிங் விற்கிற சின்னக் கடை. சேலையைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டால் அதற்குப் பொருந்துகிற துணியை அடுக்கிலிருந்து உருவிக் கொடுக்க வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு சிவப்பு, வெயிலுக்குப் போனதும் வேறு வேறாகிவிடும். வடிவு துணியை வாசலுக்குத் தூக்கிப்போய் ஒருதரம் பார்த்துவிட்டாளென்றால் அது திரும்பி வராது என்று முதலாளி எல்லோரிடமும் சொல்வார். பல்லுக் குத்துகிற நேரத்தில்கூட அவளுக்குக் கண் துணியின்மேல்தான் இருக்கும்.

ஹனூர் பக்கத்து ராமாபுரத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள் அவள். கணவன் வேலாயுதம் டைல்ஸ் மேஸ்திரி. அதிகம் பேசமாட்டான், குடிக்கமாட்டான், மகள் ஸ்வாதி ஏதாவது கேட்டால் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. நஞ்சுமளிகைப் பக்கம் வரிசை வீடுகளில் ஒன்றில் மூன்று பேரும் குடியிருந்தார்கள். ஸ்வாதி படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். வீட்டில் தமிழில் கேட்டால் பாதிக்குக் கன்னடத்தில் பதில் வரும்.

ஸ்வாதி பாலர் பள்ளியில் இருந்தபோது இடது முழங்கால் வீங்கியது. விழுந்த காயம் எதுவும் இல்லை. காலையில் எழுந்ததும் காலை இழுத்து இழுத்து நடப்பாள். மத்தியானத்துக்குள் சரியாகி விளையாடப் போய்விடுவாள். தெருமுனை கிளினிக்கில் சிரப் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, மறுபடி வந்தது, மறுபடி வடிந்தது. எண்ணெய் போட்டு நீவினார்கள். கடைசியில் அது போயே போய்விட்டது. வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று கிளினிக்கில் சொன்னதை வடிவு நம்பினாள். நம்பாமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நல்லபடியாகத்தான் போனது. இல்லை, நல்லபடியாகப் போனது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஸ்வாதி ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி வெளியே போகும். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வாள். கவனமில்லாத பிள்ளை என்று வகுப்பு மிஸ் சொன்னார். டிவி பார்க்கும்போது தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு உட்காருவாள். அதைப் பார்த்து வேலாயுதம், தன் அக்காவும் சின்ன வயதில் இப்படித்தான் ஒய்யாரமாக உட்காருவாள் என்று சிரித்தான். பிள்ளையின் கண் ஒருநாளும் சிவக்கவில்லை. வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கண்ணின் வெள்ளை பால் போல இருந்தது.

ஒரு காலையில் வடிவு அவளுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஷாம்பு நுரை வழிந்து வலது கண்ணில் பட்டதும் ஸ்வாதி கையால் அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டாள். இடது கண் திறந்தே இருந்தது. திறந்த கண்ணோடு அவள் அம்மாவின் முகத்துக்கு நேராக நின்று கேட்டாள்.

"அம்மா, கரண்ட் ஹோய்தா?"

கரண்ட் போய்விட்டதா என்று கேட்கிறாள். வடிவு தலையைத் தூக்கிப் பல்பைப் பார்த்தாள். அது எரிந்துகொண்டிருந்தது. சாளரம் வழியாக வெயிலும் உள்ளே விழுந்திருந்தது. பிள்ளை விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ஸ்வாதி இன்னொரு கையை நீட்டிச் செம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். செம்பு அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கை அதைத் தாண்டிப் போய்ச் சுவரைத் தடவியது.

வடிவு பிள்ளையின் கையைக் கண்ணிலிருந்து எடுத்தாள். "இவாக பந்து" என்றாள் ஸ்வாதி நிம்மதியாக. இப்போது வந்துவிட்டதாம் கரண்ட். மறுபடி வலது கண்ணை மட்டும் பொத்தி, தன் விரல்களை இடது கண்ணுக்கு முன்னால் காட்டி, இது என்ன சாமி என்று கேட்டாள் வடிவு. பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, இருட்டில் எப்படிச் சொல்வது என்று திருப்பிக் கேட்டாள். எப்போதிருந்து இப்படி என்றால் அவளுக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரு கண்ணில் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஈரத்தலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வேலாயுதம் வேலையிடத்திலிருந்து நேராக அங்கே வந்து சேர்ந்தான்.

குழந்தைகளுக்கான கண் டாக்டரம்மா நடுவயதுக்காரர், கன்னடத்தில் நிதானமாகப் பேசுகிறவர். ஸ்வாதியின் தாடையைக் கருவியின்மேல் வைக்கச் சொல்லி, மெல்லிய வெளிச்சக்கீற்றைக் கண்ணுக்குள் விட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி வடிவைத் திகைக்க வைத்தது. இவளுக்கு எப்போதாவது மூட்டு வீங்கியதுண்டா?

வீங்கியதென்று வடிவு சொன்னதும் டாக்டரம்மா தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோதே விஷயம் கைமீறியதென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்போடு மோதுகிற வாத நோய் இது, சின்னப் பிள்ளைகளுக்கும் வரும் என்று டாக்டரம்மா விளக்கினார். முழங்காலில் வந்த அழற்சிதான் கண்ணுக்குள்ளும் போயிருக்கிறது. பெரியவர்களுக்கு வந்தால் கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சம் கூசும். பிள்ளைகளுக்கு இந்த வகையில் வரும்போது வெளியே எதையும் காட்டாது. மூட்டு வீங்கிய நாளிலிருந்தே சில மாதங்களுக்கு ஒருமுறை இந்தக் கருவியில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். இப்போது இடது கண்ணில் கண்மணிப் பாப்பா பின்னாலிருக்கிற லென்ஸோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, அதற்குப் பின்னால் புரை விழுந்திருக்கிறது, கருவிழியின் குறுக்கே சுண்ணாம்புப் பட்டை படிய ஆரம்பித்திருக்கிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து அவர் காட்டியபோது வடிவும் பார்த்தாள். கறுப்பின்மேல் மங்கலாக ஒரு சாம்பல் கோடு. இரண்டு பச்சைக்கு நடுவே இருக்கிற வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவள், தினமும் பொட்டு வைத்துவிடுகிற முகத்தில் இதைப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் செய்துவிடலாமா என்று வேலாயுதம் கேட்டான். உள்ளே நெருப்பு இருக்கும்போது கத்தி வைத்தால் இருப்பதும் போய்விடும், முதலில் அணைக்க வேண்டும், மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்த பிறகுதான் அதைப்பற்றிப் பேச முடியும் என்று டாக்டரம்மா சொன்னார். கதவு வரைக்கும் வந்துவிட்டவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, இன்னொன்றும் சொன்னார். வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே சொட்டு மருந்தைச் சுற்றி நடந்தது. பாப்பாவை விரிக்கிற மருந்து ஒன்று, அழற்சியை அடக்குகிற ஸ்டீராய்டு மருந்து ஒன்று. வடிவு கடையில் கெஞ்சிக் கூத்தாடி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். பள்ளிக்கூட இடைவேளையில் போய் வாசலில் நின்று மருந்து விட்டுவிட்டு வருவாள். அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மாத்திரை. அதுதான் அடிப்படை, சொட்டு மருந்து மேலோட்டம், மாத்திரையை ஒரு வாரம்கூட விடக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் நெரியும், வடிவுக்கு லீவு கிடையாது. வேலாயுதம் வீட்டில் இருப்பான். ஆகவே மாத்திரை கொடுப்பது அவன் பொறுப்பானது.

அந்த மாத்திரை மஞ்சள் நிறம். விழுங்கிய கொஞ்ச நேரத்தில் ஸ்வாதி வாந்தியெடுத்துத் துவண்டு கிடப்பாள். போகப்போக, மாத்திரை அட்டையைக் கண்டாலே குமட்டியது. பிறகு மஞ்சளாக எது இருந்தாலும் ஆகவில்லை. ஆசை ஆசையாகச் சாப்பிடுகிற சித்ரான்னத்தைத் தட்டோடு தள்ளிவிட்டாள். பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் வேலாயுதம்தான். மாலையில் வடிவு வீட்டுக்கு வரும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருப்பாள், இவன் வெளியே படியில் உட்கார்ந்திருப்பான். கேட்டால் ஒன்றுமில்லை என்பான்.

தசரா முடிந்த சமயத்தில் டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார். வலது கண் அடங்கிவிட்டது, இடது கண்ணும் அடங்கிக்கொண்டு வருகிறது. சொட்டு மருந்தை ரொம்பவும் குறைத்தார். மாத்திரை மட்டும் தொடர வேண்டும்.

அதற்குப் பிறகு ஸ்வாதியின் வாந்தியும் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வடிவு வரும்போது பிள்ளை தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். உடம்புக்கு மருந்து பழகிவிட்டது என்று வடிவு சந்தோஷப்பட்டாள். கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஹனூரிலிருந்து வேலாயுதத்தின் அக்கா மாதேவி போன் செய்து, எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணில் பச்சிலைச் சாறு பிழிகிறார், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றபோது, இப்போது அதற்கெல்லாம் அவசியமே இல்லை அக்கா, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று தெம்பாகப் பதில் சொன்னாள். பிள்ளையின் கண்ணைத் தினமும் காலையில் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்ப்பாள். வலது கண் தெளிவாக, மாசில்லாமல் இருந்தது.

அடுத்த சோதனைக்குப் போன நாளில் அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். முடிந்ததும் பிள்ளையை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போவதாகப் பேச்சு.

டாக்டரம்மா கருவியில் கண்ணை வைத்தார். எடுக்கவில்லை. இடது கண்ணைப் பார்த்துவிட்டு வலது கண்ணுக்கு வந்தார், மறுபடி இடதுக்குப் போனார், மறுபடி வலதுக்கு வந்தார். கடைசியில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்.

ஒரு வாரம்கூடத் தவறவில்லை என்றாள் வடிவு.

ஸ்வாதி தாடையைக் கருவியிலிருந்து எடுக்காமலே, தெரிந்த பதிலைச் சொல்கிற பிள்ளையின் உற்சாகத்தோடு சொன்னாள்.

"அப்பா பேடா அந்த்ரு."

அப்பா வேண்டாமென்று சொன்னாராம். வடிவுக்கு அது உடனே காதில் ஏறவில்லை. என்ன வேண்டாமென்றார் என்று கேட்டாள். மஞ்சள் மாத்திரை வேண்டாம், அம்மாவுக்குச் சொல்லவும் வேண்டாம் என்றாராம். தசராவிலிருந்தே இல்லையாம்.

வலது கண் இடது கண் போன வழியில் போக ஆரம்பித்திருந்தது. பாப்பாவின் ஓரம் ஒட்டத் தொடங்கிவிட்டது. எவ்வளவு ஒட்டும், எதுவரை போகும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

வடிவு மிருகக்காட்சி சாலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. பஸ் பிடித்து ஊருக்கு வெளியே வேலாயுதம் வேலை செய்துகொண்டிருந்த புது வீட்டுக்குப் போனாள். அவன் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வெள்ளைப் புழுதி. இவளைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினான். பிள்ளையை மணல்குவியல் பக்கம் அனுப்பிவிட்டு அவள் கேட்டாள்.

"ஏனுங்க, மாத்திரை குடுத்தீங்களா இல்லீங்களா?"

அவன் பொய் சொல்லவில்லை. மருந்துக்கடையில் ஒருத்தர் அட்டையைப் பார்த்துவிட்டு, இது கேன்சருக்குக் கொடுக்கிற மாத்திரையாயிற்றே, இந்தச் சின்னப் பிள்ளைக்கா என்று கேட்டாராம். அதற்கப்புறமும் சில வாரம் கொடுத்திருக்கிறான்.

"வாரா வாரம் என்ற கையாலயே என்ற புள்ளைக்கு வெசம் குடுக்கற மாதிரி இருந்துச்சு வடிவு. கண்ணும் நல்லாத்தான இருந்துச்சு. அவ குமட்டறதை நீ பாத்ததில்ல."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்கல்ல?"

"கேட்டா நீ குடுக்கச் சொல்லுவே."

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. மணல்குவியலில் உட்கார்ந்திருந்த பிள்ளை தலையை ஒருக்களித்து வைத்து, மிச்சமிருக்கிற கண்ணால் இவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவு குரலை இறக்கினாள்.

"நாளைக்கு நீங்க வாங்க. வந்து உங்க கண்ணால பாத்துட்டு, அப்பறம் வேண்டாம்னு சொல்லுங்க."

மறுநாள் டாக்டரம்மா கருவியோடு டிவி போன்ற ஒரு திரையை இணைத்து, மகளின் வலது கண்ணை அப்பாவுக்குக் காட்டினார். உள்ளங்கையில் அடங்குகிற முகத்தின் கண், திரை முழுக்க விரிந்து நின்றது. வட்டமாக இருக்க வேண்டிய பாப்பா ஒரு பக்கம் கிழிந்த துணியின் விளிம்புபோல இழுபட்டிருந்தது. வெளிச்சக்கீற்றில், வெயிலில் தூசி மிதக்கிற மாதிரி ஏதோ மிதந்தது. அது தூசி இல்லை, அழற்சியின் அணுக்கள் என்றார் டாக்டரம்மா. இது நல்ல கண் என்றும் சொன்னார். கேன்சருக்குக் கொடுக்கிறபோது அதே மருந்தை மிக அதிக அளவில் கொடுப்பார்கள், இது அதில் துளியளவு, ரத்தம் சோதித்துச் சோதித்துத்தான் கொடுக்கிறோம், பயமாக இருந்தால் என்னிடம் வந்து கேட்டிருக்க வேண்டும் என்று அவனிடம் கோபமில்லாமல் சொன்னார். வாந்திக்கும் வழி இருந்தது. மாத்திரைக்குப் பதிலாக அதே மருந்தை ஊசியாக எழுதிக் கொடுத்தார்.

வேலாயுதம் வெளியே வராந்தாவில், சுவரில் பதித்திருந்த டைல்ஸைப் பார்த்தபடி நின்றான். அன்று அவன் சாப்பிடவில்லை. அவனை வைவதற்காக வடிவு மனசுக்குள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அப்படியே உள்ளே தங்கிப்போனது. அது பிற்பாடும் முழுதாகக் கரையவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் காரணமில்லாமல் அவன்மேல் எரிச்சல் வரும். அது காரணமில்லாமல் வருவதல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அழற்சியை அணைக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மறுபடி கூட்ட வேண்டியிருந்தது. அணைந்தது. ஆனால் அந்த மருந்தே வலது கண்ணில் நீரழுத்தத்தை ஏற்றிவிட்டது. நோய் பாதி, மருந்து பாதி என்று இரண்டு பக்கமும் கண்ணை நெருக்கின. அழுத்தம் கண் நரம்பை அரிக்கும், அரித்தது திரும்பாது, அதையும் பிள்ளையால் உணர முடியாது என்றார்கள். அழுத்தத்தைக் குறைக்க வேறொரு சொட்டு மருந்து வந்தது. அந்த மழைக்காலம் முழுக்க வடிவு சரியாகத் தூங்கவில்லை. கடையில் துணியை வெயிலுக்குத் தூக்கிப்போகும்போது, சும்மா ஒருதரம் தன் கண் ஒன்றை மூடிப் பார்ப்பாள். பிறகு இரண்டையும்.

கடைசியில், ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் குறைப்பதற்காக டாக்டர்கள் வேறொரு ஊசிக்கு மாறினார்கள். மாதம் இரண்டு முறை தொடையில் போட வேண்டும். குளிர்பெட்டியில் வைத்துப் பாதுகாக்க வேண்டிய ஊசி. ஆஸ்பத்திரி நர்ஸ் வீட்டிலேயே போடக் கற்றுக்கொள்ளச் சொன்னபோது, வடிவு வாயைத் திறக்கும் முன்னால் வேலாயுதம் நான் போடுகிறேன் என்றான். சிமெண்ட் தின்று வெடித்த விரல்கள். நர்ஸ் கொடுத்த ரப்பர் தோலில் குத்திக் குத்திப் பழகினான். முதல்முறை மகளுக்குப் போட்டபோது அவன் நெற்றியில் வியர்வை வழிந்தது. ஸ்வாதிதான் அவனுக்குத் தைரியம் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு ஊசிகூடத் தவறவில்லை. வேலை எந்த ஊரில் இருந்தாலும் அந்த நாளுக்கு வந்துவிடுவான்.

இரண்டு கண்ணும் நெடுநாள் அடங்கியிருந்த பிறகு இடது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. கருவிழியின்மேல் படிந்திருந்த பட்டையைச் சுரண்டி எடுத்தார்கள், புரையை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று ஸ்வாதி வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். எதிரே நின்ற அம்மாவைப் பார்த்து, சிவப்பு என்றாள். வடிவு கட்டியிருந்தது சிவப்புச் சேலை. முகம் தெரிகிறதா என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றாள். நிறமும் அசைவும் தெரிந்தன, அவ்வளவுதான். கண் நெடுங்காலம் மூடிக்கிடந்துவிட்டதால் மூளை அதன் வழியாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளவே இல்லை, இனிக் கற்பது கடினம் என்று டாக்டரம்மா சொன்னார். வேலாயுதத்துக்கு அதுவே பெரிதாக இருந்தது. வடிவுக்குப் போதவில்லை. ஆனால் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது ஸ்வாதி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். முதல் பெஞ்சில் இடதுகோடியில் உட்காருகிறாள், அப்போதுதான் வகுப்பு முழுவதும் வலது கண்ணுக்குள் வரும். தடித்த கண்ணாடி. ஓடும்போது மட்டும் சற்று யோசித்து ஓடுவாள். பாப்பா ஏன் வட்டமாக இல்லை என்று கேட்கிறவர்களுக்கு, நான் பூனை என்று பதில் சொல்லப் பழகியிருக்கிறாள். கொஞ்ச காலம் மருந்தில்லாமலும் இருந்து பார்த்தார்கள். டாக்டரம்மா சம்மதத்தோடுதான். மெல்ல மெல்லக் குறைத்து, போன வருஷம் ஊசியை நிறுத்தினார்கள். அந்த மாதங்களில்தான் வடிவுக்குப் பயம் அதிகம். ஊசி இருக்கும்வரை நடுவில் ஏதோ ஒன்று காவல் நிற்பதுபோல இருந்தது.

போன மாதம் சோதனைக்குப் போனார்கள். ஸ்வாதி வளர்ந்துவிட்டதால் தானே போய் நாற்காலியில் உட்கார்ந்து தாடையை வைத்துக்கொண்டாள். டாக்டரம்மாவுக்கும் தலை நரைத்துவிட்டது. பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். கருவியின் குமிழைத் திருகினார். வடிவு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

கொஞ்சம்தான் இருக்கிறது, சீக்கிரம் பிடித்துவிட்டோம், நேரத்துக்கு வந்தது நல்லதாயிற்று என்றார் டாக்டரம்மா. ஊசியை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டாள் வடிவு. சிலருக்குப் பெரியவர்களானதும் அடங்கும், சிலருக்கு அடங்காது, இவளுக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது என்று அவர் நேராகவே சொன்னார்.

பஸ்ஸில் ஸ்வாதி ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மலை மஹதேஸ்வரா கோயிலுக்கு மூன்று நாள் சுற்றுலா போகிறார்கள், ஊசி நாள் அதன் நடு நாளில் வருகிறது. வடிவு மகளின் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வலது கண்ணைப் பார்த்தாள். கண் தெளிவாக இருந்தது. அப்பாவிடம் சொல்லி ஊசியை ஒரு நாள் தள்ளிப் போட முடியுமா என்று ஸ்வாதி கேட்டாள்.

"முடியாது கண்ணு" என்றாள் வடிவு. "ஒரு நாளும் தள்ள முடியாது."